குழல் முடியும்வரை

"நான் பாடினால் கைதட்டுகிறார்கள், மாஸ்டர். இசைத்தட்டுப் பாடினால் அழுகிறார்கள்."

வந்ததும் வராததுமாக மரகதவல்லி சொன்ன முதல் வார்த்தை இதுதான். காலிலிருந்த செருப்பைக்கூட அவள் இன்னும் கழற்றவில்லை.

பாக்கியநாதன் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"முதலில் உட்காருங்கள், அக்கா."

அவரைவிட அவள் இரண்டு வயது மூத்தவள், ஆகவே அக்கா. திரைப்பாடல்களுக்குக் குழல் வாசித்தே தலை நரைத்தவர் அவர், ஆகவே மாஸ்டர். வயதைப் பார்த்தால் தம்பி. வந்த காரியத்தைப் பார்த்தால் குரு.

"எந்தப் பாட்டு?"

அவள் சொன்னாள்.

ஊருக்குப் போன கணவனை நினைத்துக்கொண்டு ஒருத்தி பூத்தொடுத்தபடியே பாடுகின்ற பழைய பாட்டு அது. பாடிய அம்மையார் இன்று இல்லை, இசையமைத்தவரும் இல்லை, படத்தின் கதையை நினைவில் வைத்திருப்பவர்களும் அநேகமாக இல்லை. பாட்டு மட்டும் இருக்கிறது. அதை மரகதவல்லி முப்பது ஆண்டுகளாக மெல்லிசை மேடைகளில் பாடிவருகிறாள். 'கண்ணை மூடிக் கேட்டால் அந்த அம்மாவேதான்' என்று சுவரொட்டியிலேயே அச்சிடுவார்கள்.

"அதற்குக் குழல் வாசித்தவர் நீங்கள்தான் என்று ஒருவர் சொன்னார்."

"ஆமாம்."

"இரண்டாம் சரணத்தில், குழலுக்குப் பிறகு, 'இருந்தும்' என்று ஒரு சொல் வரும்."

"வரும்."

"தாளத்தில் அது விழவேண்டிய இடம் ஒன்று. அந்த அம்மா அங்கே எடுக்காமல், அரை எண்ணிக்கை தள்ளி எடுப்பார்."

"எடுப்பார்."

"அந்த அரை எண்ணிக்கையில்தான் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நானும் அதே அரை எண்ணிக்கை தள்ளித்தான் எடுக்கிறேன். மயிரிழை கூடாது, குறையாது. எனக்கு ஒருவரும் அழுவதில்லை."

"ஊர் அழவேண்டுமா உங்களுக்கு?"

"ஊர் அழவேண்டாம்."

அவள் சற்றுநேரம் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் ஒருவர் அழுதால் போதும்."

அவர் என்று அவள் சொன்னது தன் கணவர் தாண்டவராயனை. அவளுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகள் தபலா வாசித்தவர். எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று.

"இசைத்தட்டைப் போட்டால் அவர் கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. அதே பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறேன். பாடிவிட்டுப் பார்த்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடக்கிறார். கஷாயத்துக்குக்கூட முகம் திருப்பாத மனிதர், மாஸ்டர்."

பாக்கியநாதன் குழல் உறையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"கூட வாழ்ந்தவருக்கே எட்டாத பாட்டை ஊருக்குப் பாடி எனக்கு என்ன ஆகவேண்டும்? நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். நிறுத்துவதற்குமுன், அந்த இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒலிப்பதிவில் இருந்தவர்களில் மிச்சம் இருப்பவர் நீங்கள் ஒருவர்."

"மிச்சம்தான்" என்று சொல்லிச் சிரித்தார் அவர். பிறகு உறையிலிருந்து குழலை எடுத்தார்.

"இரண்டாம் சரணம் மட்டும் பாடுங்கள்."

மரகதவல்லி கண்களை மூடிக்கொண்டாள். தொடையில் தாளமிட்டுத் தொடங்கினாள்.

குரல் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு வளைவும் இசைத்தட்டில் உள்ள வளைவு. வரி முடிந்தது, குழல் பதில் சொல்லவேண்டிய இடம் வந்தது. குழல் சற்றுப் பொறுத்தே தொடங்கியது. அது நான்காவது சுரத்தைத் தொடும்முன் அவள் 'இருந்தும்' என்று எடுத்துவிட்டாள்.

குழல் நின்றது.

"அக்கா, குழல் முடிந்ததா?"

"முடியவேண்டிய நேரம் முடிந்தது."

"நேரம் முடிந்தது. குழல் முடிந்ததா?"

"நீங்கள் தாமதமாகத் தொடங்கினீர்கள்."

"ஆமாம்."

"அப்படியானால் தப்பு உங்களுடையது."

"ஆமாம், அக்கா. தப்பு என்னுடையதுதான்."

ஏதோ பாராட்டைப் பெற்றுக்கொள்பவர்போல் அவ்வளவு நிறைவாக அதைச் சொன்னார். அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நாளைக்கு வாருங்கள்" என்றார்.

மறுநாள் அவர் அந்த இசைத்தட்டைத் தேடி எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, பாட்டுப்பெட்டியில் வைத்தார்.

"இன்றைக்கு அந்த அம்மாவைக் கேட்கவேண்டாம்."

"பாடுகிறவரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?"

"மற்றவர்களை. இலையில் சோறு மட்டுமா வைத்திருக்கிறது?"

அவள் கேட்டாள். மனத்தை எத்தனை முறை இழுத்துப் பிடித்தாலும் அது அம்மையாரின் குரலுக்கே ஓடியது, மாடு பழகிய கொட்டிலுக்கு ஓடுவதுபோல. ஆறாவது முறை கேட்டபோதுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"சொல்லுங்கள்" என்றார் பாக்கியநாதன்.

"தொடக்கத்தில் ஆறு வயலின், ஒரு செல்லோ."

"சரி."

"முதல் சரணத்தில் வீணை அந்த அம்மாவுக்கு முன்னே போகிறது. இரண்டாம் சரணத்தில் பின்னே வருகிறது."

"சரி."

"சரணத்தில் டோலக் ஓய்ந்துவிடுகிறது. தபலா மட்டும்தான். இவ்வளவு நாள் கூடப் பாடியும் இதைக் கவனித்ததே இல்லை, மாஸ்டர். அந்த அம்மா பாடும்போது ஆறு வயலினில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. வரி முடிந்த பிறகே எட்டிப் பார்க்கின்றன."

"மரியாதை தெரிந்த வயலின்கள்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுவே முதல்முறை.

"இரண்டாம் சரணத்தில் வயலின்கள் எட்டியும் பார்ப்பதில்லை. அங்கே பதில் சொல்லுகிற வேலை முழுவதும் குழலுக்கே. நான்கு சுரம். அதற்கு அடியில் வேறு எதுவும் இல்லை."

"எதுவும் இல்லை" என்றார் அவர். "இசையமைத்தவர் அப்படித்தான் போட்டிருந்தார். ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்றால் வாத்தியமும் தனியாக இருக்கவேண்டும் என்பார்."

"போதுமா, மாஸ்டர்?"

"கணக்கு முழுவதும் சரி. நாளைக்கு வாருங்கள்."

"வில்லிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன்."

"அந்தப் பாட்டுக்காக நான் மூன்று மாறுவேன், அக்கா."

மூன்றாம் நாள் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியருகே தரையில் அமர்ந்து காதை அதன்மேல் வைத்துக்கொண்டாள். இரண்டாம் சரணம் வந்தது. வரி முடிந்தது.

"நிறுத்துங்கள்."

பாக்கியநாதன் முள்ளைத் தூக்கினார்.

"மறுபடியும் போடுங்கள்."

போட்டார்.

"குழலுக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்கிறது."

"என்ன சத்தம்?"

"யாரோ மூச்சு வாங்குகிறார்கள்." அவள் இன்னொரு முறை கேட்டாள். "வாங்கி முடிக்கவில்லை. பாதி மூச்சிலேயே குழல் தொடங்கிவிடுகிறது."

"இதற்குமுன் கேட்டதில்லையா?"

"அந்த இடத்தில் நான் 'இருந்தும்' எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். வேறு எதுவும் விழாது. யாருடைய மூச்சு, மாஸ்டர்?"

அவர் முள்ளை அதன் இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய தோள்கள் மேலேறி இறங்கின. அவர் மார்புக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. மூன்று நாட்களாக எதிரே உட்கார்ந்திருந்தும் அது அவள் கண்ணில் படவில்லை, காதிலும் விழவில்லை.

"எனக்கு அப்போது இருபத்தைந்து வயது" என்றார் பாக்கியநாதன். "இரைப்பு இருந்தது. குழல்காரனுக்கு இரைப்பு என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? மறைத்து வைத்திருந்தேன்."

"யாருக்கும் தெரியாதா?"

"வீட்டுக்காரிக்குக்கூட. குளிர் ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லி வைத்திருந்தேன்."

அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கவேண்டும். பாடுகிறவர் மட்டும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்பார். நாற்பது பேரில் ஒருவர் பிசகினாலும் நாற்பது பேரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அன்று மூன்று முறை பிசகியிருந்தது. மூன்றும் வேறு யார் யாரோ செய்தவை. இசையமைப்பாளர் கையிலிருந்த பென்சிலை ஒடித்துப் போட்டிருந்தார்.

"நான்காம் முறை எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் சரணத்தில் என் இடம் வந்தது. நாலு சுரம், அக்கா. நாலே சுரம். மூச்சு வரவில்லை."

மரகதவல்லி தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மா நின்றார். கையில் பாட்டெழுதிய தாள். ஆனால் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்."

"பிறகு?"

"கிடைத்த மூச்சில் தொடங்கினேன். தாமதம்தான். அவர் எடுக்கவேண்டிய இடம் வந்துவிட்டது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். என் நாலாவது சுரம் விழுகிறவரைக்கும் அப்படியே நின்றார். விழுந்த பிறகு 'இருந்தும்' என்றார். அடுத்த மூன்று சொற்களைக் கொஞ்சம் நெருக்கிப் பாடி, ஒன்றுமே நடக்காததுபோலத் தாளத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்."

"இசையமைத்தவருக்குத் தெரியவில்லையா?"

"அவருக்குத் தெரியாமல் இருக்குமா? 'ஏனம்மா அங்கே தள்ளி எடுத்தீர்கள்?' என்று கேட்டார்."

"என்ன சொன்னார்?"

"'அந்த இடத்தில் கொஞ்சம் நின்றால் நன்றாக இருக்கும்போலத் தோன்றியது, அண்ணா. வேண்டாமென்றால் இன்னொரு முறை பாடுகிறேன்' என்றார். இசையமைப்பாளர் பதிவைப் போட்டுக் கேட்டார். 'இதுவே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டார்."

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா?"

"வாசலில் அவருடைய காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பேசவே விடவில்லை. 'வெந்நீர் குடி, தம்பி' என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்."



மரகதவல்லியின் குரல் சற்றுக் கடுமையாக வந்தது.

"அந்த இடத்தைப்பற்றிப் பத்திரிகையில் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். காத்திருக்கிற பெண்ணின் நெஞ்சு அங்கே ஒருகணம் நின்று, பிறகு துடிக்கிறதாம்."

"நானும் படித்தேன். நன்றாக எழுதியிருந்தார்."

"அது நெஞ்சுமில்லை, துடிப்புமில்லை. முப்பது வருஷமாக நான் உங்கள் இரைப்பை மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்."

"பிழையே இல்லாமல்" என்றார் பாக்கியநாதன்.

அவள் எழுந்தாள். கோபமா, அவமானமா என்று அவளுக்கே விளங்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள்.

"அக்கா."

நின்றாள்.

"நீங்கள் பாடும்போது உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?"

"சொன்னேனே. சுவரைப் பார்க்கிறார்."

"அது நீங்கள் பாடி முடித்த பிறகு. பாடும்போது?"

மரகதவல்லி வாசலிலிருந்து திரும்பினாள்.

"நான் கண்ணை மூடிக்கொள்வேன், மாஸ்டர். மூடினால்தான் அந்த இசைத்தட்டு எனக்குள்ளே ஓடும்."

அவர் குழலைத் துணியில் சுற்றத் தொடங்கினார். முழுவதும் சுற்றி, உறையிலிட்டு, நாடாவை இழுத்துக் கட்டினார்.

"நாளைக்கு வரவேண்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

அவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் தாழ்வாரத்தில் இருந்தது. பார்த்துக்கொள்ள வந்த பெண் கஞ்சியை ஆற்றிவைத்துவிட்டுப் புறப்பட்டாள். தாண்டவராயன் கட்டிலில் கிடந்தார். மரகதவல்லி முக்காலியை இழுத்துப் போட்டு, வழக்கம்போல அவருக்கு இடப்புறம் உட்கார்ந்தாள்.

"பாடட்டுமா?"

அவர் இமைகளை ஒருமுறை மூடித் திறந்தார். சரி என்று பொருள்.

பல்லவியைத் தொடங்கினாள். இமைகள் தாமாகவே இறங்கின, வலிந்து திறந்துகொண்டாள். இருட்டில் நடந்து பழகிய கால் வெளிச்சத்தில் தடுமாறுவதுபோலத் தடுமாறினாள். எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். மார்பைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள்.

போர்வையின்மேல் ஒரு விரல் அசைந்தது.

இடக்கையின் சுட்டுவிரல். நடுக்கம் என்று நினைத்தாள். விரல் எழுந்து விழுந்தது, மறுபடி எழுந்தது. இரண்டாவது விரலும் சேர்ந்துகொண்டது. சரணத்தின் நடையை அவை தேடிக்கொண்டிருந்தன.

அவள் இசைத்தட்டு போகிற வேகத்திலேயே போனாள். விரல்கள் பின்னால் வந்தன. ஒரு தட்டுப் பிந்தின, பிறகு இரண்டு. எட்டிப் பிடிக்க ஒரு தட்டைத் தாண்டிக் குதித்தன. குதித்த இடமும் தவறாக இருந்தது. அதற்குள் அவள் அடுத்த வரியில் இருந்தாள்.

விரல்கள் நின்றன. கை மெல்ல மூடிக்கொண்டது. தாண்டவராயனின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

மரகதவல்லி பாட்டை நிறுத்தினாள்.

பாதியில் அவள் நிறுத்தியதே இல்லை. மேடையில் விளக்கு அணைந்தபோதும், மழை பெய்து கூட்டம் எழுந்து ஓடியபோதும் நிறுத்தியதில்லை. திரும்பிக்கொண்டிருந்த முகம் நின்றது. அவர் கண்கள் அவளைப் பார்த்தன.

அவள் அந்த மூடிய கையை எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, மறுபடி போர்வையின்மேல் வைத்தாள். பல்லவியிலிருந்து தொடங்கினாள்.

முதல் சொல்லைப் பாடிவிட்டு நின்றாள். விரல் எழுந்தது, அந்தரத்தில் தயங்கியது. சொல்லின் கடைசி எழுத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்திருந்தாள். விரல் விழுந்தது. அடுத்த சொல்லைப் பாடினாள்.

இசைத்தட்டில் எங்கும் இல்லாத இடங்களில் எல்லாம் அன்று அவள் நிற்கவேண்டியிருந்தது. ஓரிடத்தில் ஒரு நெடிலைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் தீருமளவும் நின்றாள். தீர்ந்துபோய், மறுபடி மூச்சு வாங்கி, அதே நெடிலைத் தொடர்ந்தாள். வேறோரிடத்தில் இரண்டு விரல்களும் ஏதோ நினைவுக்கு வந்தவைபோல விறுவிறுவென்று நான்கு தட்டுகளை உதிர்த்தன. அவள் சொற்களை வாரிச் சுருட்டிக்கொண்டு கூடவே ஓடினாள். தாண்டவராயனின் வாய் ஒருபக்கமாகக் கோணியது. அது சிரிப்பு. மேடையில் அவளை ஓடவைத்துவிட்டுச் சிரிக்கிற அதே பழைய குறும்பு.

இரண்டாம் சரணம் வந்தது. வரி முடிந்தது. குழலின் இடத்தை அவள் வாய்க்குள் மெல்ல முனகினாள். காத்திருக்கத் தயாரானாள்.

விரல் சரியாக விழுந்தது. தாளத்தில் எங்கே விழவேண்டுமோ அங்கேயே விழுந்தது.

அவளும் அங்கேயே 'இருந்தும்' என்று எடுத்தாள். சற்றும் தாமதிக்கவில்லை.

மூன்றரை நிமிடப் பாட்டு. அது முடிந்தபோது தாழ்வாரத்து வெயில் போய்விட்டிருந்தது. கஞ்சியின்மேல் ஆடை படிந்திருந்தது.

வரவேண்டாம் என்று சொல்லியிருந்தும் இரண்டு நாள் கழித்து அவள் போனாள். பாக்கியநாதன் கதவைத் திறந்தார். அவள் கையிலிருந்த பூசணிக்காயைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுக் கொடியில் காய்த்தது" என்றாள்.

"உட்காருங்கள், அக்கா."

இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"பாடினீர்களா?"

"பாடினேன்."

"அழுதாரா?"

"இல்லை, மாஸ்டர்" என்றாள் மரகதவல்லி. "வாசித்தார்."